பழைய கத்தோலிக்கப் பங்குப் பதிவேட்டில் வரும் லத்தீன் எச்சங்களைப் படிப்பது எப்படி?

பங்குக்கோயில் ஏட்டில் பாதிரியார் லத்தீனில் எழுதிய எங்கள் கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவு மொத்தம் ஐந்து வரிதான். அதைப் படித்து முடிக்க எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. ஊர், தேதி, பெயர் எல்லாம் முதல் நாளே தெரிந்துவிட்டன. மாட்டிக்கொண்டது எச்சங்களில். ‘பிறந்த’, ‘அடக்கம் செய்யப்பட்ட’, ‘சுமந்து செல்லப்பட்ட’ என்று தமிழில் பெயரெச்சமாக வரும் இடத்திலெல்லாம் லத்தீனில் ஒரு வினையடிச் சொல் வருகிறது. பாதிரியார்கள் எழுதிய பதிவுகளில் முக்கால்வாசிச் செய்தி அந்தச் சொற்களுக்குள்தான் இருக்கிறது. அதை மட்டும் ஒழுங்காகக் கற்றிருந்தால் ஆறே வாரத்தில் முடித்திருப்பேன். உங்களுக்கு அந்த மூன்று மாதம் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

லத்தீன் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நெடில், குறில் நம் எழுத்தில் தெளிவாகத் தெரியும் என்பதால் இது ஒரு வகையில் வசதிதான். இரண்டு விஷயத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். ‘நாத்துஸ்’ என்று ‘த்த’ போட்டால் அழுத்தமான ஒலி. ‘ந்த’ என்று எழுதினால் ‘பந்து’ போல மெல்லிய ஒலி. ‘ன்த’ என்று எழுதினால் அழுத்தமான ஒலி. இந்த வேறுபாடு மூன்றாம் படியில் தேவைப்படும்.

1. முதலில் பதிவின் நல்ல படம் ஒன்று வேண்டும்

பங்குத்தந்தைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக்கொண்டு நேரில் போங்கள். பார்க்க வேண்டியவரின் பெயர், தகப்பன் பெயர், தோராயமான ஆண்டு, உங்களுக்கு அவர் என்ன உறவு என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். உங்கள் ஆதார் நகல் ஒன்றும், உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் அதன் நகலும் கையில் வையுங்கள். மிகப் பழைய ஏடுகள் பங்கிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. மறைமாவட்ட ஆவணக்காப்பகத்துக்குப் போயிருந்தால் அங்கே தனியாக அனுமதி கேட்க வேண்டும். என்னிடம் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. உண்டியலில் 200 ரூபாய் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது.

ஏட்டைத் தொட்டுப் புரட்டுவது அவர்களாகவே இருக்கட்டும். நீங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். உங்கள் பதிவை மட்டும் எடுக்காமல், அதற்கு மேலும் கீழுமாக நான்கைந்து பதிவுகள் சேர்ந்து வரும்படி எடுங்கள். ஒரே பாதிரியார் ஒரே வாசகத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருப்பார். ஒரு பதிவில் மை கலைந்த சொல் அடுத்த பதிவில் பளிச்சென்று இருக்கும்.

2. கருவிகள்: செலவு கிட்டத்தட்ட இல்லை

லூயிஸ், ஷார்ட் இருவரின் லத்தீன் அகராதி 1879இல் வந்தது. இன்று இணையத்தில் இலவசம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்திலும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகேயோன் தளத்திலும் பார்க்கலாம். இலக்கணத்துக்கு ஆலன், கிரீனோ இருவரின் 1903ஆம் ஆண்டுப் பதிப்பு போதும், அதுவும் இலவசம். எச்சங்கள் பற்றிய பகுதியை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டேக்கர் என்பவர் செய்த ‘வேர்ட்ஸ்’ என்ற நிரலில் எந்த வடிவத்தைப் போட்டாலும் அது எந்த வினையிலிருந்து வந்தது என்று காட்டும். குடும்பப் பதிவுகளில் வரும் லத்தீன் சொற்களுக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் தனிச் சொற்பட்டியலே இருக்கிறது.

நான் முதலில் ஒரு இணைய வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். நான்கு மாதம் கழித்துத்தான் எச்சம் வரும் என்றார்கள். பதிவேடு படிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், பாடத்திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்கிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். எனக்கு உண்மையில் பயன்பட்ட செலவு ஒரு நீள நோட்டும் பிரிண்ட் காசும்தான்.

3. நான்கு வால்களை மனப்பாடம் செய்யுங்கள்

இந்தப் படிக்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு வினையிலிருந்து நான்கு எச்சங்கள் பிறக்கும். ஞானஸ்நானம் கொடுத்தலைக் குறிக்கும் ‘பப்திஸோ’ என்ற வினையையே எடுத்துக்கொள்வோம்.

பப்திஸான்ஸ்: ஞானஸ்நானம் கொடுக்கிற (ஆள்). நிகழ்காலம், செய்வினை. வேற்றுமை ஏறும்போது ‘பப்திஸன்திஸ்’, ‘பப்திஸன்தெம்’ என்று ‘ன்த்’ வெளியே வரும்.

பப்திஸாத்துஸ்: ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட (பிள்ளை). இறந்தகாலம், செயப்பாட்டுவினை. பதிவேட்டில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் இதுதான்.

பப்திஸாத்தூருஸ்: ஞானஸ்நானம் கொடுக்கப்போகிற (ஆள்). எதிர்காலம், செய்வினை. பதிவுகளில் அரிது. ‘ஃபுத்தூருஸ்’, அதாவது ‘இருக்கப்போகிற’, என்பதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘ஃபியூச்சர்’ வந்தது.

பப்திஸந்துஸ்: ஞானஸ்நானம் கொடுக்கப்பட வேண்டிய (பிள்ளை). ‘அஜெண்டா’ என்றால் செய்யப்பட வேண்டியவை. ‘மெமோராண்டம்’ என்றால் நினைவில் வைக்கப்பட வேண்டியது. ஆபீஸில் தினமும் புழங்கும் இந்தச் சொற்களெல்லாம் இந்த நான்காம் வகைதான்.

இங்கே ஒரு பொறி. ‘பப்திஸன்தெம்’, ‘பப்திஸந்தும்’ இரண்டும் லத்தீனில் இரண்டே எழுத்தில்தான் வேறுபடும். ஒன்று கொடுக்கிறவர், மற்றது பெற வேண்டியவர். பழைய கையெழுத்தில் அந்த இரண்டு எழுத்தை உருப்பெருக்கிப் பார்க்காமல் பொருள் சொல்லாதீர்கள்.

இரண்டாவது வகையின் வால் எப்போதும் ‘த்துஸ்’ என்று இருக்காது. வேரின் கடைசி ஒலி பல்லொலியாக இருந்தால் ‘ஸ்ஸுஸ்’ அல்லது ‘ஸுஸ்’ ஆகிவிடும். அனுப்புதலைக் குறிக்கும் ‘மித்தோ’வுக்கு ‘மிஸ்ஸுஸ்’. நம் ஊர் ‘மிஷன்’ இங்கிருந்து வந்தது. பார்த்தலைக் குறிக்கும் ‘விதெயோ’வுக்கு ‘வீஸுஸ்’. பாஸ்போர்ட்டில் குத்தும் ‘விசா’ என்றால் ‘பார்க்கப்பட்டது’ என்றுதான் பொருள்.

4. அகராதியில் நான்காம் உறுப்பைத் தேடுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதிவில் ‘கோர்புஸ்’ என்று உடலைக் குறிக்கும் சொல் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு எச்சம். அதை ‘தேலேத்தும்’ என்று படித்தேன். கம்ப்யூட்டரில் இருக்கும் ‘டெலிட்’ பொத்தான் உடனே நினைவுக்கு வந்தது. அகராதியில் பார்த்தேன்: ‘தேலெயோ’, அழி, ‘தேலேத்தும்’, அழிக்கப்பட்டது. உடல் அழிக்கப்பட்டது! கொள்ளைநோய்க் காலத்தில் எரித்துவிட்டார்களோ என்று நினைத்து, அத்தையிடம் போனில் சொல்லிவிட்டேன். அவருக்கு அவர் சொந்தத் தாத்தா. போனிலேயே அழுதார்.

ஒன்பது நாள் கழித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த நடு எழுத்து ‘லே’ இல்லை, ‘லா’ என்று தெரிந்தது. ‘தேலாத்தும்’. அகராதியில் ‘தேலா...’ என்று தொடங்கும் வினைகளில் எதுவும் பொருந்தவில்லை. காரணம் இதுதான்: லத்தீன் அகராதி பெரும்பாலான வினைகளுக்கு நான்கு உறுப்புகளைக் கொடுக்கும். தலைச்சொல் முதல் உறுப்பு. இறந்தகால எச்சம் பிறப்பது நான்காவதிலிருந்து. பெரும்பாலும் இரண்டும் ஒரே முகமாக இருக்கும். சில வினைகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. சுமத்தலைக் குறிக்கும் வினையைப் பாருங்கள்: ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாத்தும். ‘தே’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் தேஃபெரோ, தேஃபெர்ரெ, தேதுலீ, தேலாத்தும். அதாவது ‘கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டது’. உடல் கல்லறைக்குச் சுமந்து செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது என்றுதான் பாதிரியார் எழுதியிருந்தார். நாலு பேர் தோளில் தூக்கிப் போயிருக்கிறார்கள். அன்றைக்கே அத்தையைப் பார்க்க ஊருக்குப் போய்ச் சொன்னேன்.

எனவே நோட்டில் வினைகளை எழுதும்போது நான்கு உறுப்புகளையும் சேர்த்தே எழுதுங்கள். ‘செபெலியோ’ என்று மட்டும் எழுதி வைத்தால் ‘செபுல்துஸ்’ (அடக்கம் செய்யப்பட்ட) கண்ணில் படும்போது அடையாளம் தெரியாது. ‘லாத்துஸ்’ விஷயத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. ‘அகலமான’ என்ற பொருளில் ஒரு ‘லாத்துஸ்’ இருக்கிறது. விலாப்பக்கத்தைக் குறிக்கும் குறில் ‘லத்துஸ்’ வேறு. பதிவேட்டில் நெடில் குறி போடமாட்டார்கள், மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். நிரலில் போட்டால் மூன்றையும் வரிசையாகக் காட்டும். எது என்று வாக்கியத்தை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

5. மேற்கோடும் புள்ளியும்

அகராதியில் உயிர் எழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில். பதிவேட்டில் அதே கோடு இருந்தால் அங்கே ஒரு மெல்லின எழுத்தை விட்டுவிட்டார்கள் என்று பொருள். ‘நாத்து’ என்று முடிந்து மேலே கோடு இருந்தால் அது ‘நாத்தும்’. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் எழுதியதைப் படித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய சிரமமாக இருக்காது.

‘பப்த்.’ ‘செப்.’ என்று புள்ளி வைத்து வாலை வெட்டியிருந்தால் ஆணா பெண்ணா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. பக்கத்தில் ‘ஃபீலியுஸ்’ (மகன்), ‘ஃபீலிய’ (மகள்) இருக்கிறதா என்று பாருங்கள்.

6. எச்சம் யாரைத் தழுவுகிறது என்று பாருங்கள்

தமிழில் ‘பிறந்த மகன்’, ‘பிறந்த மகள்’, ‘பிறந்த மகளை’ என எல்லாவற்றுக்கும் ‘பிறந்த’ ஒன்றுதான். லத்தீனில் ஆணுக்கு நாத்துஸ், பெண்ணுக்கு நாத்த. செயப்படுபொருளாக வந்தால் நாத்தும், நாத்தம். தமிழில் பெயரெச்சத்தை ஒட்டியே பெயர் வரும். லத்தீனில் இரண்டும் அரை வரி தள்ளியும் இருக்கலாம், முன்பின்னாகவும் இருக்கலாம். எண், பால், வேற்றுமை மூன்றும் பொருந்தும் பெயரைத் தேடிக் கோடு போட்டு இணையுங்கள். பென்சிலில் வளைவு போட்டு இணைப்பது எனக்கு மிகவும் உதவியது.

ஞானஸ்நானப் பதிவு பெரும்பாலும் ‘எகோ இன்ஃப்ராஸ்க்ரீப்துஸ்’ என்று தொடங்கும். ‘கீழே எழுதப்பட்ட நான்’, அதாவது கீழே கையெழுத்திட்டிருக்கும் பாதிரியார். பிறகு ‘பப்திஸாவீ இன்ஃபன்தெம் ... நாத்தும்’ என்று போகும். இன்ன தேதியில் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று பொருள். இங்கே தேதி இரண்டு வரும். தொடக்கத்தில் இருப்பது ஞானஸ்நானத் தேதி, ‘நாத்தும்’ என்பதோடு இருப்பது பிறந்த தேதி. பல குடும்ப வரலாறுகளில் பிறந்தநாள் மாறிப்போவது இந்த ஒரு எச்சத்தைக் கவனிக்காததால்தான்.

7. தமிழ் எச்சம் செய்யும், லத்தீன் எச்சம் செய்யாது

‘அடக்கம் செய்த உடல்’, ‘அடக்கம் செய்த பாதிரியார்’ என்று இரண்டையும் நாம் ஒரே ‘செய்த’ போட்டுச் சொல்கிறோம். கேட்பவர்களும் குழம்புவதில்லை. லத்தீனில் ‘செபுல்துஸ்’ புதைக்கப்பட்டவர் மட்டுமே. புதைத்தவரைச் சொல்ல எச்சமே கிடையாது, ‘யார் புதைத்தாரோ அவர்’ என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். எனவே இறந்தகால எச்சத்தைத் தமிழாக்கும்போது முதலில் ‘...ப்பட்ட’ போட்டுப் பாருங்கள், பொருள் சரியாக வந்தபின் இயல்பான தமிழுக்கு மாற்றுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உருவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினை என்ற ஒரு வினைக்கூட்டம் இருக்கிறது. ‘நாத்துஸ்’ அந்தக் கூட்டம், எனவே ‘பிறந்த’. இறந்தவரைச் சொல்லும் ‘தேஃபூங்க்துஸ்’ என்பதும் அதுவே; தன் கடமையை, வாழ்வை முடித்துவிட்டவர் என்பது அதன் நேர்ப்பொருள். இந்த வினைகளின் தலைச்சொல் அகராதியில் ‘ஓர்’ என்று முடியும்: நாஸ்கோர், மொரியோர், தேஃபுங்கோர். அந்த ‘ஓர்’ இருந்தால் ‘பட்ட’ போடாதீர்கள்.

8. திருமணப் பதிவு: ‘மழை பெய்ய நெல் விளைந்தது’

லத்தீன் படிக்கும் எல்லோரும் பயப்படும் ஒரு அமைப்பு இருக்கிறது. ஒரு பெயரும் ஒரு எச்சமும் ஐந்தாம் வேற்றுமை போன்ற ஓர் உருபை ஏற்று, வாக்கியத்தின் மற்ற எதோடும் ஒட்டாமல் தனியே நிற்கும். ஆங்கில வழி நூல்களில் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். தமிழருக்கு அது தேவையில்லை. பள்ளியில் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று படித்தோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ‘மழை பெய்ய நெல் விளைந்தது.’ பெய்தது மழை, விளைந்தது நெல், எழுவாய் இரண்டும் வேறு. லத்தீன் அமைப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

திருமணப் பதிவில் ‘நுல்லோ இம்பெதிமென்தோ தேதெக்தோ’ என்று வரும். சொல்லுக்குச் சொல் ‘எந்தத் தடையும் கண்டுபிடிக்கப்படாதிருக்க’. அதற்கு முன்னால் ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்ததைச் சொல்லும் தொடரும் இதே அமைப்பில்தான் வரும்: ‘அறிவிப்புகள் முன்பே செய்யப்பட’. ‘ப்ரைசென்திபுஸ் தெஸ்திபுஸ்’ என்றால் ‘சாட்சிகள் முன்னிலையில் இருக்க’. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது சொன்ன ‘ப்ரெசென்ட்’ இதே எச்சம்தான். இந்த எல்லாவற்றையும் ‘-க்க, -ப்பட’ போட்டுத் தமிழாக்கி, கடைசியில் முற்றுவினையைக் கண்டுபிடித்தால் முழு வாக்கியமும் நிற்கும். சீசரின் போர்க்குறிப்புகளில் ‘இவை அறியப்பட’ என்ற பொருளில் ‘ஹீஸ் ரேபுஸ் கோக்னித்தீஸ்’ அடிக்கடி வரும். பதிவேட்டை முடித்தபின் லத்தீனைத் தொடர நினைப்பவர்களுக்கு அங்கே நல்ல பயிற்சி இருக்கிறது.

9. வேரைத் தெரிந்துகொள்ளுங்கள், மறக்காது

மனப்பாடம் ஏறாதவர்களுக்கு இந்தப் படி. லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம். லத்தீனின் ‘த்துஸ்’ வாலும் சமஸ்கிருதத்தின் ‘த’ வாலும் ஒரே மூலம். சமஸ்கிருதம் வழியாக அந்தச் சொற்கள் பல நம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கின்றன.

பிறந்தவரைக் குறிக்கும் ‘நாத்துஸ்’ முன்பு ‘க்நாத்துஸ்’ என்று இருந்தது. சமஸ்கிருதத்தில் அதுவே ‘ஜாத’. அதிலிருந்து வந்தது நம் ஜாதகம். கோயிலடியில் ஒருவர் ஜாதகம் எழுதியபோதும், பங்கில் ஒருவர் ‘நாத்துஸ்’ என்று எழுதியபோதும் பிள்ளை பிறந்ததை ஒரே பழஞ்சொல்லால்தான் குறித்திருக்கிறார்கள். கொடுக்கப்பட்டதைச் சொல்லும் ‘தத்துஸ்’ என்ற எச்சத்துக்கும், சமஸ்கிருத ‘தத்த’ வழியாக வந்த நம் ‘தத்துப்பிள்ளை’க்கும் வேர் ஒன்று. சில ஞானஸ்நானப் பதிவுகளில் ‘பத்ரெ இக்னோத்தோ’, தகப்பன் அறியப்படாதவர், என்று இருக்கும். அந்த ‘இக்னோத்துஸ்’ பாண்டவர்கள் யாருக்கும் தெரியாமல் இருந்த அஞ்ஞாதவாசத்தின் ‘அஞ்ஞாத’வேதான்.

என்னை அலைக்கழித்த ‘லாத்தும்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பழங்காலத்தில் ‘த்லா’ என்று தொடங்கியது. முதலில் இருந்த ‘த்’ லத்தீனில் உதிர்ந்துவிட்டது. மூன்றாம் உறுப்பான ‘துலீ’யில் அது இன்னும் இருக்கிறது. தூக்குதல், தாங்குதல் என்பது அந்த வேரின் பொருள். சமஸ்கிருதத்தில் அதிலிருந்து வந்தது ‘துலா’, தராசு. ‘ஃபெரோ’ வேறொரு வேர். சமஸ்கிருதத்தில் அது ‘ப்ர்’, அதிலிருந்து ‘பாரம்’. ஒரே வினையின் உறுப்புகளாக லத்தீன் ஒட்டவைத்த இரண்டு வேர்களும் நம்மிடம் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன: துலாபாரம். குருவாயூரில் தட்டில் குழந்தையை உட்காரவைத்துப் பழம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு ஃபெரோ, துலீ, லாத்தும் இனி மறக்காது. ஆங்கிலத்தில் ‘ட்ரான்ஸ்ஃபர்’, ‘ட்ரான்ஸ்லேட்’ என்று இரண்டு சொல் இருப்பதும் இந்த இரண்டு வேர்களால்தான்.

எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக எதையும் எதோடும் இணைத்துவிடாதீர்கள். தமிழ் வேறு குடும்பம். மேலே சொன்னவை சமஸ்கிருதத்திலிருந்து வந்த கடன்சொற்கள். எட்டாம் படியில் சொன்ன எச்ச ஒற்றுமையும் வேலையில் உள்ள ஒற்றுமைதான், உறவு இல்லை. ‘ஸ்டேட்டஸ்’ போன்ற சொற்களிலும் கவனம் தேவை: லத்தீன் ‘ஸ்தத்துஸ்’ என்பதில் எச்சமும் உண்டு, அதே உருவில் தனிப் பெயர்ச்சொல்லும் உண்டு, நிலைமையைக் குறிப்பது பெயர்ச்சொல். ‘அஃபிடவிட்’ எச்சமே இல்லை, அது முற்றுவினை.

10. கால அட்டவணை

தினமும் 40 நிமிடம் என்று வையுங்கள். முதல் வாரம் நான்கு வால்கள். இரண்டாம் வாரம் அவற்றின் வேற்றுமை வடிவங்கள். ‘பப்திஸாத்துஸ்’, ‘பப்திஸான்ஸ்’ இரண்டை மட்டும் முழுதாக எழுதிப் பாருங்கள், மற்ற இரண்டும் ‘பப்திஸாத்துஸ்’ஸையே பின்பற்றும். மூன்றாவது, நான்காவது வாரங்களில் பதிவேட்டில் வரும் முப்பது வினைகளின் நான்கு உறுப்புகள், நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்தாம் வாரம் உங்கள் படத்தில் மேலும் கீழும் உள்ள மற்றவர்களின் பதிவுகள். ஆறாம் வாரம் உங்கள் பதிவு.

முடித்த பிறகு மூலம், தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ப்பு, தமிழாக்கம் என்று மூன்று பத்தியாக ஒரு தாளில் எழுதி, லத்தீன் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வயதான பாதிரியார்கள் பலருக்குத் தெரியும். ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள். வீட்டில் யாரிடமும் அதற்கு முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம்.